உடைந்த போல்ட்டை வெளியே எடுத்தவர் சொன்னது

என் பெயரும், தகப்பனார் பெயரும், கதவு எண்ணும் முதல் தாளில் எழுதப்பட்டுவிட்டன. வயது எழுபத்தொன்று. கடைத்தெருவில் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, உளிக்காரர் என்று கேட்டால் வழி காட்டுவார்கள். மேற்படி முகவரியில் நானும் மனைவியும் குடியிருந்து வருகிறோம். பிள்ளைகள் இல்லை. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், சைக்கிள் கடைக்கும் மரக்கடைக்கும் நடுவில், ஒற்றைக் கதவு போட்ட பட்டறை ஒன்றை நாற்பத்து மூன்று ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். இயந்திர பாகங்களுக்குள் உடைந்து மாட்டிக்கொண்ட போல்ட்டுகளை வெளியே எடுப்பதும், கெட்டுப்போன திருகு மரைகளைச் சரிசெய்வதும் என் தொழில். ஐந்தாம் வகுப்புவரை படித்திருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு எந்தச் சான்றிதழும் என்னிடம் கிடையாது. எழுதும் காவலர் இந்த வரியை விட்டுவிடலாம் என்றார். எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் முதலில் கேட்பார், நானே சொல்லிவிடுகிறேன் என்று எழுதவைத்தேன்.

இந்த வழக்கில் கைதாகியிருக்கும் ரொட்டித் தொழிற்சாலை சூப்பர்வைசர் என் மனைவியின் உடன்பிறந்த தம்பி. பதினோரு ஆண்டுகளுக்கு முன்புவரை அந்தத் தொழிற்சாலையின் பழுது வேலை எல்லாம் என்னிடம்தான் வரும். அவர் சூப்பர்வைசர் ஆன வருடம், புதிதாக வந்த முதலாளி ஒருநாள் என்னைக் காட்டி இவர் யார் என்று அவரிடம் கேட்டார். நான் அப்போது ஒரு இயந்திரத்துக்கு அடியில் படுத்திருந்தேன். அதற்கு அவர், "தெரிஞ்சவர்தான் சார். படிப்பு கிடையாது, கைவேலை" என்று சொன்னார். என் கல்யாணத்தன்று அவருக்கு ஒன்பது வயது. பந்தியில் என் மடியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். தெரிஞ்சவர் என்ற வார்த்தையைப் படுத்தபடியே கேட்டேன். வேலையை முடித்தேன், கை கழுவினேன், வெளியே வந்தேன். அதன் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து அங்கே வேலைக்குச் சான்றிதழ் உள்ள கம்பெனி ஆட்கள் வந்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து, உன் தம்பி பேச்சோ அந்தத் தொழிற்சாலைப் பேச்சோ இனி இந்த வீட்டில் கூடாது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் "எத்தனை நாளைக்கு?" என்று மட்டும் கேட்டாள். அதன் பிறகு அவள் தம்பி வீட்டுக்குத் தனியாகப் போவாள், தனியாக வருவாள். போனதைச் சொல்ல மாட்டாள், நானும் கேட்க மாட்டேன். பதினோரு ஆண்டில் இந்த வழக்கம் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததற்கு இதுவே காரணம் என்பதால் சொல்கிறேன்.

கடந்த பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணி அளவில் நான் வீட்டுக்கு வந்தேன். மனைவி எனக்குச் சாப்பாடு போட்டாள், தான் சாப்பிடவில்லை. கேட்டதற்குப் பல்வலி என்றாள். மறுநாள் புதன்கிழமை காலை நான் பட்டறைக்குக் கிளம்பும்போது, வழக்கமில்லாமல் வாசல்வரை வந்து, "இன்னிக்கு என்ன வேலை வருது?" என்று கேட்டாள். வந்தால்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். அவள் நகரவில்லை. "பல்லு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "எந்தப் பல்லு?" என்றாள். பிறகு, "ஆமா, வலிக்குது" என்றாள். நான் கிளம்பிவிட்டேன்.

காலை ஒன்பது மணி அளவில் பெயர் எழுதாத வெள்ளை வேன் ஒன்று பட்டறை முன்னால் வந்து நின்றது. டிரைவர் சாக்கில் சுற்றிய வார்ப்பு இரும்புப் பாகம் ஒன்றை இறக்கி வைத்தார். ஏதோ ஒரு இயந்திரத்தின் மூடியைத் தாங்கிப் பிடிக்கும் பிடி அது என்று பார்த்தவுடன் தெரிந்தது. மூடி வந்து மாட்டும் இடத்தில் ஒரே ஒரு துளை. அதற்குள் கட்டைவிரல் பருமனுள்ள போல்ட் ஒன்று, துளையின் வாயிலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளி உடைந்து நின்றது.

டிரைவர், "ஒரு மணி நேரத்துல வேணும் பெரியவரே. டிரில் போட்டுத் தூள் பண்ணிட்டு, புது மரை போட்டுக் குடுங்க" என்றார்.

"டிரில் போடறவங்க தெருமுனையில இருக்காங்க."

"அங்கதான் முதல்ல போனேன். கடை பூட்டியிருக்கு."

"அப்போ உக்காருங்க. சாயங்காலம் ஆகும்."

"ஒரு போல்ட்டுக்கா? பிரசவமா பாக்கறீங்க?"

"அப்படித்தான் வச்சுக்குங்க. தாய்க்கும் சேதம் வரக் கூடாது, பிள்ளைக்கும் சேதம் வரக் கூடாது."

எந்தக் கம்பெனி என்று கேட்டேன். கம்பெனி பேர் எதுக்கு, வேலைதான் முக்கியம் என்றார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நான் டிரில் போடுவதில்லை என்பதையும் எழுத வேண்டும். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், டிரில் போல்ட்டை விட்டு விலகி ஒரு பம்பின் உடம்பைத் துளைத்துவிட்டது. அன்றிலிருந்து உடைந்த துண்டை முழுசாக வெளியே கொண்டுவருவேன், இல்லாவிட்டால் வேலையைத் திருப்பி அனுப்பிவிடுவேன். இதற்காக என்னைப் பைத்தியம் என்று சொல்பவர்கள் உண்டு.

முதலில் டார்ச் அடித்துத் துண்டின் உடைந்த முகத்தைப் பார்த்தேன். முக்கால் பங்கு கறுத்து, பழைய துரு ஏறியிருந்தது. ஓரத்தில் பிறை மாதிரி ஒரு பகுதி மட்டும் வெள்ளையாக, கற்கண்டை உடைத்தது போல மணிமணியாக இருந்தது. அதாவது அந்த போல்ட் பல மாதமாக விரிசல் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அறுந்து, மிச்சமிருந்த கால் பங்கு ஒரே நேரத்தில் முறிந்திருக்கிறது. விரிசல் துளைக்குள் இருந்ததால் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. நாற்பத்து மூன்று ஆண்டுகளாக இந்த முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதன் பிறகு பாகத்தைத் துடைத்தேன். அதன் கீழ்ப்புறம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுத்த கறை காய்ந்திருந்தது. பழைய கிரீஸ் என்று எண்ணி மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்தேன். கிரீஸ் என்றால் மண்ணெண்ணெய்க்கு உடனே இளகிவிடும். இது இளகவில்லை. தண்ணீர் தொட்டுத் துடைத்தபோதுதான் போனது. ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அதன் பிறகு பாகத்தை வைஸ் இடுக்கியில் இறுக்கி, துளையைச் சுற்றி கேஸ் தீயால் மெதுவாகச் சூடேற்றினேன். துண்டின்மேல் தீ படாமல் சுற்றியுள்ள வார்ப்பு மட்டும் சூடானால்தான் துளை விரிந்து கொடுக்கும். சூடு ஏறியதும் பட்டறை முழுக்க ரொட்டி வாசனை வந்தது. மரைக்குள் அடைந்திருந்த மாவு கருகியதால் வந்த வாசனை. இந்த ஊரில் ரொட்டித் தொழிற்சாலை ஒன்றுதான்.

அந்த நேரத்தில் என் மனதில் வந்ததை மறைக்காமல் சொல்கிறேன். மனைவியின் தம்பி வேறு வழியில்லாமல் என்னிடம் அனுப்பியிருக்கிறார், கூச்சப்பட்டுக்கொண்டு பெயர் இல்லாத வேனில் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் எடுத்துப் பார்த்தால் ஒரு குறை சொல்லக் கூடாது என்று வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கவனமாக வேலை செய்தேன். அந்த நேரத்தில் அவர் இந்தக் காவல் நிலையத்தின் பின் அறையில் இருந்திருக்கிறார்.

அதன் பிறகு மெழுகுவர்த்தியைத் துளையின் ஓரத்தில் வைத்தேன். மெழுகு உருகி மரைக்குள் இறங்கியது. சிறிய உளியின் முனையைத் துண்டின் விளிம்பில் சாய்த்து வைத்து, கழற்றும் திசையில் சுத்தியலால் தட்டினேன். அசையவில்லை. ஆறவிட்டு, மறுபடி சூடேற்றி, மறுபடி மெழுகு கொடுத்து, மறுபடி தட்டினேன். டிரைவர் இரண்டு டீ குடித்துவிட்டுப் பெஞ்சில் படுத்துத் தூங்கிவிட்டார். ஐந்தாம் முறை தட்டும்போது சத்தம் மாறியது. இறுகியிருக்கும் துண்டைத் தட்டினால் கல்லைத் தட்டுகிற சத்தம் வரும், அசைந்துவிட்டால் சத்தம் மந்தமாகிவிடும். பிற்பகல் இரண்டரை மணிக்கு அது விரலால் திருகும் அளவுக்கு இளகி முழுசாக வெளியே வந்தது. நீளம் ஒரு அங்குலம். விளிம்பில் என் உளி பட்ட இரண்டு வடு உண்டு. முகம் கெடவில்லை.

அதன் பிறகு துளையின் மரையைச் சுத்தம் செய்து கொடுத்தேன். உடைந்த துண்டைப் பொருளுக்குச் சொந்தக்காரரிடமே திருப்பிக் கொடுப்பது என் வழக்கம். எதனால் உடைந்தது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதனால் துண்டை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி டிரைவரிடம் நீட்டி, "உங்க சூப்பர்வைசர்கிட்ட குடுங்க. முகத்தைப் பாத்தா அவருக்கே புரியும்" என்று சொன்னேன்.

டிரைவர் அதை வாங்கவில்லை. "உங்களுக்கு ஒண்ணும் தெரியாதா?" என்று கேட்டார்.

என் படிப்பைத்தான் குத்துகிறார் என்று எடுத்துக்கொண்டு, "எனக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியும், வண்டியை எடுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர், "குப்பையை எதுக்கு நான் சுமந்துட்டுப் போகணும், தூக்கிப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் தூக்கிப் போடவில்லை. காகிதத்தின்மேல் தேதி எழுதிப் பால் பவுடர் டின்னில் போட்டு வைத்தேன்.

பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். சமையலறையில் என் மனைவியும் அவள் தம்பி மனைவியும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு ஆண்டில் நான் வரும் நேரத்தில் அந்தப் பெண் எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. என்னைப் பார்த்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். "நான் வரேன் அண்ணி" என்று அவள் எழுந்து பையை எடுத்தாள். பை நிறைய ஆண்பிள்ளைச் சட்டைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

என்ன விஷயம் என்று மனைவியைக் கேட்டேன்.

"இந்த வீட்டுல பேசக் கூடாத விஷயம்" என்றாள்.

"பரவாயில்ல, சொல்லு."

"நீங்க கேட்டதாலதான் சொல்றேன். அப்புறம் ஏன் முன்னாடியே சொல்லலன்னு என்னைக் கேக்கக் கூடாது."

அதன் பிறகு சொன்னாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, மாவு பிசையும் இயந்திரத்தில் வேலை செய்யும் இருபத்தாறு வயதுப் பெண் ஒருவர், தொட்டியின் விளிம்பில் ஒட்டிய மாவைச் சுரண்டுவதற்காகக் கம்பி மூடியின்மேல் கை ஊன்றியிருக்கிறார். மூடி சரிந்துவிட்டது. கை தோள்வரை இயந்திரத்துக்குள் சிக்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்துவிட்டார். வேலை சீக்கிரம் ஆக வேண்டும் என்பதற்காக மூடியின் போல்ட்டைச் சூப்பர்வைசரே கழற்றிவிட்டார் என்று கம்பெனி புகார் கொடுத்து, அன்று மாலையே அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவருடைய கருவிப் பெட்டியில் ஒரு முழு போல்ட் இருந்திருக்கிறது, அவர் கழற்றியது அதுதான் என்கிறார்களாம். வியாழக்கிழமை அதிகாரிகள் வந்து இயந்திரத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

"போல்ட் தானா உடைஞ்சதுன்னு தம்பி சத்தியம் பண்றான். உடைஞ்சிருந்தா மிச்சம் துளையில இருக்கணுமாம். துளை சுத்தமா இருக்காம்" என்றாள்.

துளை சுத்தமாகத்தான் இருந்தது. சுத்தம் செய்தவன் நான். நான் நின்றுகொண்டே இருந்தேன். "உக்காருங்க, சாப்பாடு போடறேன்" என்று மனைவி சொன்னாள். கேட்கக் கூடாது என்று அவள் சொல்லியிருந்தும், ஏன் செவ்வாய்க்கிழமையே சொல்லவில்லை என்று கேட்டுவிட்டேன். அவள் தட்டை எடுத்து வைத்தாள். கிளம்ப நின்ற தம்பி மனைவிதான், "அண்ணி வாசல்ல வச்சு சொல்ல வந்தாங்களாம் அண்ணா. நீங்க பல்லைப் பத்திக் கேட்டீங்களாம்" என்றாள்.

நான் சாப்பிடவில்லை. பட்டறைக்குப் போய் டின்னிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு இந்த நிலையத்துக்கு வந்தேன். அன்று இருந்த காவலர், "என்னது, பழைய இரும்பா? வச்சிட்டுப் போங்க" என்றார். ரசீது கேட்டேன். இரும்புத் துண்டுக்கெல்லாம் ரசீது கிடையாது என்றார். ரசீது இல்லாமல் தர மாட்டேன் என்று மாலைவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன். சனிக்கிழமை வந்தேன், ஆய்வாளர் வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார்கள். அன்று பிற்பகல் தொழிற்சாலை மேனேஜர் என் பட்டறைக்கு வந்தார்.

"அந்தத் துண்டைக் குடுங்க பெரியவரே, நாங்களே ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடறோம்" என்றார்.

"உங்க டிரைவர் அதைக் குப்பைன்னு சொன்னாரே. குப்பையைத் தேடி மேனேஜர் வரலாமா?"

"யோசிச்சுப் பேசுங்க. கேஸ்ல இருக்கற பொருள்ல கை வச்சது யாரு? நீங்கதான். கோர்ட்ல உங்களைத்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும். என் கைதான்னு நானே சொல்லப் போறேன்."

"மச்சானுக்காக இவ்வளவு தூரமா?"

"அவரோட நான் பேசிப் பதினோரு வருஷம் ஆச்சு."

"அப்புறம் எதுக்கு?"

"போல்ட் உடைஞ்சிருந்தது" என்றேன். அவர் போய்விட்டார்.

இன்று இருபதாம் தேதி திங்கட்கிழமை காலை மீண்டும் வந்தேன். வெளிப் பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். தன் மகளின் சாமான்களை வாங்க வந்ததாகச் சொன்னார். ஒரு செருப்பு, ஒரு வெள்ளைத் தொப்பி, ஒரு கைக்கடிகாரம் என்று விரல் விட்டுச் சொன்னார். அதன் பிறகு, "நீங்க எதுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டார். ஒரு போல்ட் விஷயமாக என்று சொன்னேன். அவர் தலையாட்டினார்.

அதன் பிறகு ஆய்வாளர் அவர்கள் என்னை உள்ளே அழைத்து, துண்டைப் பெற்றுக்கொண்டு ரசீது கொடுத்தார். கருவிப் பெட்டியில் இருந்ததாகச் சொல்லப்படும் முழு போல்ட்டைக் காட்டினார். அதன் மரையில் கடையில் பூசிய எண்ணெய் அப்படியே இருந்தது. தலைக்கு அடியில், இறுக்கினால் விழும் வட்டத் தடம் இல்லை. அது ஒரு தடவைகூட எந்தத் துளையிலும் இறுக்கப்படாத புது போல்ட். பழையதை மாற்றுவதற்காக அவர் வாங்கி வைத்திருக்கலாம் அல்லவா என்று ஆய்வாளர் கேட்டார். இருக்கலாம் என்பது எனக்குத் தெரிந்த விஷயம் அல்ல, தெரிந்ததை மட்டும் சொல்கிறேன் என்றேன்.

அதன் பிறகு ஒரு காகித உறையிலிருந்து, தலையோடு கூடிய அரை போல்ட் ஒன்றை எடுத்து வைத்தார். தொட்டியிலிருந்த மாவை அப்புறப்படுத்தும்போது கிடைத்தது என்றும், வேறு ஏதோ இயந்திரத்திலிருந்து விழுந்தது என்று கம்பெனி இன்ஜினியர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றும் சொன்னார். அனுமதி கேட்டு, இரண்டு முகத்தையும் அவர் முன்னால் சேர்த்தேன். கறுப்பு கறுப்போடும் வெள்ளை வெள்ளையோடும் உட்கார்ந்தது. சேர்ந்த இடத்தில் நகம் நுழையவில்லை. தலைப் பக்கம் கீழே இருக்கும்படி மேஜையில் வைத்துக் கையை எடுத்தேன், ஒரே போல்ட்டாக நின்றது. அந்த அரை போல்ட்டின் மரையில் காய்ந்த மாவு இருந்தது. அதை நான் துடைக்கவில்லை. ஆய்வகத்துக்கு அனுப்பப் போவதாக ஆய்வாளர் சொன்னார். அனுப்பட்டும். படித்தவர்கள் பார்த்துச் சொல்லட்டும்.

துளையைச் சுத்தம் செய்ததும் கறையைத் துடைத்ததும் நான். தெரியாமல் செய்ததாக எழுதட்டுமா என்று காவலர் கேட்டார். எழுதலாம், ஆனால் தெரிந்துகொள்ள வாசலில் ஒரு தடவையும் டிரைவர் வாயால் ஒரு தடவையும் வழி இருந்தது, இரண்டையும் நானே அடைத்தேன் என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். அதற்கு என்ன தண்டனை உண்டோ அதை நான் மறுக்கவில்லை.

கடைசியாக ஒன்று. இன்று காலை கிளம்பும்போது மனைவி, "அங்க அவனைப் பாத்தா ஒரு வார்த்தை பேசுவீங்களா?" என்று கேட்டாள். பேசினால் உறவுக்காகச் சாட்சி சொன்னதாக ஆகிவிடும், போல்ட் சொல்வதை யாரும் கேட்க மாட்டார்கள், அதனால் வழக்கு முடிகிறவரை பேச மாட்டேன் என்றேன். "பதினோரு வருஷம் பழகினதுதானே" என்றாள். அதன் பிறகு, "முடிஞ்சதும் முதல்ல நீங்கதான் பேசணும்" என்றாள். சரி என்று சொன்னேன்.

இன்று பகல் பன்னிரண்டு மணி அளவில், விசாரணைக்காக ஜெயிலிலிருந்து கொண்டுவந்திருந்த அவரை நடைவழியாக அழைத்துச் சென்றார்கள். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். அவர் நின்று, "மாமா" என்று கூப்பிட்டார். நான் திரும்பவில்லை, பதிலும் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் தருகிறேன், பேசுங்கள் என்று ஆய்வாளர் சொன்னார். வேண்டாம் என்றேன். சாட்சிகளின் வாக்குமூல நகல் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் கொடுக்கப்படுமா என்று கேட்டேன். கொடுக்கப்படும் என்றார். ஆகையால் அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்டது என்பதை இதில் எழுதவைக்கிறேன்.

மேலே கண்டவை நான் செய்ததும், கண்டதும், என்னிடம் சொல்லப்பட்டதும் ஆகும். காவலர் ஒருமுறை படித்துக் காட்டினார். மறுமுறை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். எல்லாம் உண்மை. இதில் கூட்டவோ அடிக்கவோ வேண்டியது ஒன்றுமில்லை.

(கையெழுத்து)
உளிக்காரர் என்று அழைக்கப்படும் சாட்சி

கேட்டு எழுதியவர்: நிலையக் காவலர்
என் முன்னிலையில்: காவல் ஆய்வாளர்